வண்டி வாசலைத் தாண்டுவதற்குள்

கள்ளக்குறிச்சியில் என் முகம் தெரிந்தவர்கள் குறைவு. குரல் தெரியாதவர்கள் இல்லை என்றே சொல்லலாம். புது ஜவுளிக்கடை திறந்தாலும் சரி, கண் சிகிச்சை முகாம் நடந்தாலும் சரி, பழைய பீரோவுக்குப் புது பீரோ மாற்றிக் கொடுத்தாலும் சரி, தலையில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிக்கொண்டு ஒரு ஆட்டோ தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போனால், அந்தக் கத்தல் என்னுடையது. நேரில் உட்கார்ந்து கத்துவதில்லை. கடையின் பின்பக்க அறையில், சுவரெல்லாம் போர்வையைத் தொங்கவிட்டு, முன்கூட்டியே பதிவு செய்துவிடுவோம். என் கணவருக்கு மைக்செட் கடை. ஆட்டோவை அவர்தான் ஓட்டுவார். அதன் பின்னால் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு ஒரு அக்கா நடந்து வருவாள். விளம்பரத்தை எழுதுவதும் பேசுவதும் பாடுவதும் என் வேலை.

வெறும் பேச்சை யாரும் காதில் வாங்குவதில்லை. எல்லோருக்கும் தெரிந்த சினிமா மெட்டில் கடைப் பெயரைப் போட்டுப் பாட்டாகக் கொடுத்தால்தான் பிள்ளைகள் வாசலுக்கு ஓடி வரும். செருப்புக் கடைக்கு எழுதியிருக்கிறேன், ஆட்டுச் சந்தைக்கு எழுதியிருக்கிறேன். ஒரு பல் டாக்டருக்கு எழுதிய பாட்டை இன்றைக்கும் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் பாடிக்கொண்டு போகின்றன. டாக்டர் கடையைக் காலி செய்துகொண்டு வேறு ஊருக்கே போய்விட்டார், பாட்டு போகவில்லை. இதையெல்லாம் எழுதியது யார் என்று ஒரு ஆள் இதுவரை கேட்டதில்லை.

இந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. நின்று கேட்கிறவர் யாரும் கிடையாது. வாசலில் பாத்திரம் தேய்க்கிற ஒருத்தியின் காதில், வண்டி அவள் வீட்டுக்கு வந்து தாண்டிப் போகிற வரைக்கும் எது விழுகிறதோ அவ்வளவுதான். முதல் வரி பக்கத்துத் தெருவிலேயே போயிருக்கும். கடைசி வரி அடுத்த தெருவில் வரும். ஆகவே ஒவ்வொரு வரியும் தன் காலில் தான் நிற்க வேண்டும். முன்னால் என்ன வந்தது, பின்னால் என்ன வரப்போகிறது என்று தெரியாமலே அவளுக்குப் புரிய வேண்டும். "வண்டி வூட்டத் தாண்டறதுக்குள்ள மேட்டர முடிச்சிடணும்" என்பார் என் கணவர். அப்புறம், எந்த விளம்பரமானாலும் முடிவில் அடையாளம் சொல்லியாக வேண்டும். பஸ் ஸ்டாண்டு எதிரில், மார்க்கெட் பின்புறம், அரச மரத்துக்குப் பக்கத்தில். அடையாளம் சொல்லாத விளம்பரத்தை நான் எழுதியதே இல்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது மைக்கை நிறுத்துவோம். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்துவோம். சாவு விழுந்த வீட்டில் பந்தல் தெரிந்தால் தெருமுனையிலேயே அணைத்துவிட்டு, அந்த வீட்டை நன்றாகத் தாண்டிய பிறகுதான் மறுபடி போடுவோம். யாரும் சட்டம் போட்டுச் சொன்னதில்லை. எங்கள் ஊரில் விளம்பர ஆட்டோ ஓட்டுகிற எல்லோரும் செய்வதுதான்.

கள்ளச்சாராயம் குடித்து ஜனங்கள் செத்த அந்த வருஷம், சாவு விழுந்த கருணாபுரம் தெருக்களுக்குள் எங்கள் வண்டி ஒரு தடவை போயிற்று. முனையில் அணைத்த மைக்கைத் திரும்பப் போட இடமே கிடைக்கவில்லை. ஒரு பந்தலைத் தாண்டினால் அடுத்த பந்தல். என் கணவர் அந்தப் பக்கமாக நுழைந்து இந்தப் பக்கமாக வெளியே வந்து, வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஹேண்டில்பாரில் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அன்றைக்கு நோட்டீஸ் கொடுக்க அக்கா வரவில்லை. தாண்டி வந்த பந்தல்களில் ஒன்று அவள் வீட்டுக்காரருடையது.

அதற்குப் பிறகு அந்தத் தெருக்களில் ரொம்ப நாளைக்கு நாங்கள் மைக் போடவில்லை. டிவிக்காரர்கள் போட்டார்கள். அவர்களுக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது.

அக்கா காரியமெல்லாம் முடிந்து திரும்ப வேலைக்கு வந்தாள். நோட்டீஸ் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "இன்னா பாயம்மா, வண்டி கெளம்பலியா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். என்னை எல்லோரும் பாயம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் அவள் கூப்பிடும்போது மட்டும் அது எனக்கென்றே வைத்த பெயர் மாதிரி இருக்கும்.

போட்டி அறிவிப்பு டிவியில் வந்தபோது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் தெரியாமல் எழுதிக்கொண்டிருக்கும் பாடலாசிரியர்களுக்கான போட்டியாம். சினிமாவில் பெயர் வந்திருக்கக் கூடாது. எழுதிய பாட்டைப் பாடி, போனில் பதிவு செய்து அனுப்பலாம். மெட்டு கடன் வாங்கியதாக இருக்கக் கூடாது. ஜெயிப்பவருக்கு ஒரு சினிமாப் பாட்டு. படம் ஓடும்போது எழுதியவர் என்று பெயர் வரும்.

"நான் அனுப்பப் போறேன்" என்றேன்.

என் கணவர் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கோபம். நிதானமாக யோசித்துவிட்டுச் சொன்னார்: "நீ எழுதறது பாட்டா? அது அனௌன்ஸ்மெண்டு. அவங்க கேக்கறது பாட்டு."

நல்ல மனுஷர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தை என் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை. பல வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன், நான் எழுதுவது என்ன என்று என் வீட்டிலேயே தீர்ப்பு ஆகிவிட்டது. சரி, பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். எனக்குப் பரிசு பெரிதாகத் தோன்றவில்லை. விஷயம் தெரிந்த ஒருவர், எழுதத் தெரிந்த ஒருவர், நான் எழுதியதைப் பாட்டு என்று சொல்ல வேண்டும். அதன் கீழே என் பெயர் இருக்க வேண்டும். அது நடக்காமல் விடுவதில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

உட்கார்ந்து எழுதினால் எதுவும் வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்ததெல்லாம் ஏற்கெனவே இருக்கும் ஒரு மெட்டில் போய் விழுந்தது. எழுதி முடித்துப் பாடிப் பார்த்தால் யாரோ ஒரு கதாநாயகன் எனக்குள் ஆடிக்கொண்டிருப்பான். கிழித்துப் போட்டேன். மறுபடி எழுதினேன். மறுபடி அவனேதான்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் மருத்துவ முகாம் ஒன்றுக்கு அறிவிப்புச் செய்யும் வேலை அப்போதுதான் வந்தது. ஆட்டோ அவ்வளவு உயரம் இழுக்காது என்று ஒரு பிக்கப் வண்டியை வாடகைக்கு எடுத்து, குழாயை அதன் தலையில் கட்டினோம். நானும் கூடப் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறி, முதல் ஊரில் பதிவைப் போட்டார் என் கணவர். போட்டதும் ஒரே களேபரம். முதல் வரி எதிர்மலையில் முட்டித் திரும்பி வந்து இரண்டாவது வரியின் மேல் விழுந்தது. இரண்டாவது மூன்றாவதின் மேல். மரவள்ளிக் காட்டில் நின்றிருந்த ஒருவர் கையை ஆட்டி, "ஒண்ணுமே வெளங்கலீங்க!" என்று கத்தினார். அவர் கத்தியதும் திரும்பி வந்தது.

பதிவை நிறுத்திவிட்டு மைக்கை நான் வாங்கிக்கொண்டேன். ஒரு வரி சொன்னேன். அது போய்த் திரும்பி வருகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அப்புறம் அடுத்த வரி. வேறு வழியில்லை, அந்த மலையில் அப்படித்தான் பேச முடியும். எந்தச் சினிமா மெட்டும் அவ்வளவு இடைவெளி கொடுக்காது. ஊர் ஊராக அப்படியே சொல்லிக்கொண்டு போனதில், அந்தச் சொல்லி நிற்கிற அளவு என் மூச்சிலேயே ஏறிவிட்டது. கடுக்காய் மரங்கள் இருந்த ஒரு திருப்பத்தில், என் குரலே திரும்பி வருவதைக் கேட்டபடி சும்மா நின்றபோது ஒரு வரி வந்தது.

போன குரலு திரும்பி வருது, போன ஆளு வரலையே.

அக்காவை நினைக்காமல் அது வந்தது என்று சொல்ல மாட்டேன். வண்டியை நிறுத்தச் சொல்லி, பின்பக்கம் உட்கார்ந்து, மேலே நாலைந்து வரிகள் சேர்த்து போனில் பாடிப் பதிந்தேன். எந்தக் கதாநாயகனும் ஆடவில்லை. என் கணவர் டயரில் காலை வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, "இன்னா மெட்டு இது?" என்றார். என் மெட்டு என்றேன்.

அதையே அனுப்பினேன், தேர்வாகிவிட்டது. சென்னைக்கு நேரில் வரச் சொன்னார்கள். கல்யாண ஆர்டர் ஒன்று இருந்ததால் என் கணவரால் வர முடியவில்லை, அக்காவைத்தான் கூட்டிக்கொண்டு போனேன். உளுந்தூர்பேட்டையில் இறங்கி சென்னை பஸ் பிடித்தோம். பக்கத்து சீட்டில் ஒரு அம்மா, கொய்யாப்பழம் கொடுத்தாள், பேச்சுக் கொடுத்தாள்.

"எந்த ஊரு நீங்க?"

"கள்ளக்குறிச்சி."

"ஐயய்யோ, அந்தச் சாராயம் குடிச்சி..."

அந்த வருஷத்துக்குப் பிறகு எங்கே போய் ஊர்ப் பெயரைச் சொன்னாலும் இதுதான். நாங்கள் பதில் சொல்வதற்குள் எதிரில் இருக்கிறவர்கள் முகம் மாறிவிடும். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொய்யாப்பழத்தை அவள் தின்னவே இல்லை.

சென்னையில் ஒரு பெரிய ஹாலில் எங்களைப் போலப் பலர் காத்திருந்தார்கள். மெட்டு ஒன்றைப் போட்டுக் காட்டி, சூழ்நிலை ஒன்றைச் சொன்னார்கள். ஒருவன் தன் காதலியை முதன்முதலாகச் சந்திக்க அழைக்கிறான், எழுதுங்கள் என்றார்கள். சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டும் கூரையைப் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். நான் பத்து விரலும் பரபரக்க எழுதினேன். இது எனக்குத் தெரிந்த வேலை, ஆளை வரவழைக்க வேண்டும், அவ்வளவுதானே.

வாசித்துக் காட்டும் முறை வந்தபோது பல்லவி நன்றாகத்தான் போயிற்று. நடுவர்களில் மூத்தவர் ஒருவர், நிறையப் பாட்டு எழுதியவர், தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். சரணத்தின் முடிவுக்கு வந்தேன்.

"சாயங்காலம் ஆறு மணி, தண்ணி டேங்கு எதிரில், மழை வந்தாலும் உண்டு, மறக்காம வா கண்ணே."

ஹால் முழுக்கச் சிரித்தது. கொல்லென்ற சிரிப்பு. வாசிக்கும்போதுதான் எனக்கே தெரிந்தது, கை தன்பாட்டுக்கு அடையாளத்தை எழுதிவிட்டிருக்கிறது என்று. இன்னொரு நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "உலகத்திலேயே விலாசம் கொடுத்துக் காதலிக்கிற முதல் ஆள் இவன்தாம்மா" என்றார். மறுபடி சிரிப்பு.

எனக்குக் காது சூடாகிவிட்டது. "வரச் சொல்லிட்டு எங்க வரணும்னு சொல்லலன்னா அவ எங்கங்க போயி நிப்பா?" என்று கேட்டேன்.

மூத்தவர் மட்டும் சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தார். "அதுவும் நியாயம்தான்" என்றார். அந்த நியாயமோ, சிரிப்போ, எதனால் என்று தெரியாது, டிவியில் வரும் சுற்றுக்கு என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

ஊர் திரும்பிய பிறகு நிகழ்ச்சியை ஒருங்கிணைக்கும் பையன் ஒருவன் போன் செய்தான். நானும் அக்காவும் கடையில் நோட்டீஸ் அடுக்கிக்கொண்டிருந்தோம். கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். அடுத்த சுற்றின் தலைப்பு சொந்த ஊர் என்றான். மரியாதையாகத்தான் பேசினான்.

"மேடம், உங்க முதல் பாட்டுல போன ஆளு வரலையேன்னு எழுதியிருந்தீங்களே, அது அந்தச் சாராய சம்பவம்தானே? அதையே முழுப் பாட்டா எழுதிட்டு வாங்க. உங்களுக்குத் தெரிஞ்ச யாராவது பாதிக்கப்பட்டவங்க இருப்பாங்கள்ல? மேடையில உங்க பக்கத்துல உட்கார வைப்போம். பாட்டு போகும்போது அவங்க முகத்தைக் காட்டுவோம். நிச்சயமா இறுதிச் சுற்றுக்குப் போயிடுவீங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அக்கா நோட்டீஸை அடுக்கிக்கொண்டே இருந்தாள். ஓரத்தைத் தட்டித் தட்டி நேராக்கிக்கொண்டே சொன்னாள்.

"நா வரேன் பாயம்மா."

"எங்க?"

"டிவிக்குத்தான். உன் பேரு வரும்னா நா வந்து குந்திக்கினு அழுவறேன். எனக்கு இன்னா, அழுவறது புதுசா? அன்னிக்கி எல்லா டிவியிலயும் அழுதேன். இப்ப உனுக்காக ஒரு வாட்டி அழுதா கொறஞ்சா பூடுவேன்?"

அவளை அணைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, திட்ட வேண்டும் போலவும் இருந்தது. திட்டத்தான் செய்தேன்.

"நீ அழுது எனக்கு ஒரு பேரும் வர வேணாம். உங்க தெருவுல நாங்க மைக்க அணைச்சிட்டுப் போனோம். இப்ப நானே டிவியில ஏறி அங்க மைக்கப் போடவா?"

அவள் கட்டை மறுபடி தட்டினாள். அப்புறம் தனக்குத்தானே சொல்வதைப் போலச் சொன்னாள். "அன்னிக்கி வந்தவங்க எவ்ளோ பேரு. அழுவறப்பல்லாம் படம் புடிச்சாங்க. மூணாம் நாளு புள்ளைங்களுக்கு அடுப்பு மூட்டிச் சோறு ஆக்கினேன். காமெராக்காரன் எட்டிப் பாத்துட்டு, சோறாக்கறாங்கப்பா, வா போலாம்னு பூட்டான்."

சொல்லிவிட்டு, "இந்தக் கட்டுல ஜாஸ்தியா வெச்சிட்டேன்" என்று நோட்டீஸைப் பிரித்து வேறு கட்டில் சேர்த்தாள்.

பையனுக்கு போன் செய்து, சொந்த ஊரைப் பற்றி எழுதுகிறேன், ஆனால் யாரையும் கூட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றேன். அவன் குரல் இறங்கிவிட்டது. "உங்க இஷ்டம் மேடம். ஆனா போட்டின்னா மக்கள் மனசைத் தொடணும்" என்றான். தொடுகிறேனா இல்லையா பாருங்கள் என்றேன். வந்த வாய்ப்பை என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேனோ என்று பயமாகத்தான் இருந்தது. ஆனால் மாற்றிக்கொள்ளவில்லை.

எழுத உட்கார்ந்தேன். இந்தத் தடவை எதை மாதிரியும் எழுதப் பார்க்கவில்லை. ஹாலில் எதற்காகச் சிரித்தார்களோ அதையே எடுத்துக்கொண்டேன். எனக்கு ஆளை வரவழைக்கத் தெரியும், அடையாளம் சொல்லத் தெரியும். எங்கள் ஊருக்கு வருகிற ஒருவருக்கு வழி சொல்வதாகவே பாட்டு முழுவதையும் எழுதினேன். வண்டி வாசலைத் தாண்டுகிற நேரத்துக்கு ஒரு வரி, மலையில் குரல் போய்த் திரும்புகிற அளவுக்கு ஒரு நிறுத்தம்.

உளுந்தூர்பேட்டையில எறங்குங்க, மேக்கால போற பஸ்ஸப் புடிங்க.

கரும்பு வண்டி முன்ன போனா சரியான ரோட்லதான் வரீங்க.

அழுத ஊருன்னு கேக்காதீங்க, அடுப்பு எரியிற ஊருன்னு கேளுங்க.

வழி தெரியலன்னா பயப்படாதீங்க, பசிக்குதுன்னாப் போதும், கூட்டிக்கினு வருவாங்க.

இப்படி இன்னும் சில. முடித்ததும் கணவரிடம் பாடிக் காட்டினேன். அவர் கையில் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைப் பிரித்து வைத்திருந்தார். பாடி முடித்த பிறகும் ஸ்க்ரூ டிரைவர் அப்படியே இருந்தது. "அந்த அடுப்பு வரிய இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். சொன்னேன். படப்பிடிப்புக்கு வேலையெல்லாம் விட்டுவிட்டுத் தானே கூட வந்தார்.

எழுதுகிறவர்களுக்காகப் பாட அங்கே ஒரு பாடகி இருந்தாள். சின்னப் பெண்தான், நல்ல குரல். என் நிறுத்தங்களை அப்படியே வைத்துப் பாடினாள். முடிந்ததும் ஹாலில் கைதட்டல் கொஞ்சம் தாமதமாக வந்தது. சிரித்த நடுவர், "நல்லா இருக்கு, ஆனா இது அறிவிப்பு மாதிரியே இருக்கேம்மா" என்றார். வீட்டில் கேட்ட அதே வார்த்தை. எனக்குச் சுருக்கென்றது.

"அறிவிப்புதாங்க" என்றேன். "எங்க ஊரப் பத்தித் தப்பா ஒரு அறிவிப்பு ஊரெல்லாம் போயிக்கினு இருக்கு. நா சரியானதப் போடறேன்."

மூத்தவர் பேனாவைக் கீழே வைத்தார். "இது பாட்டு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கீழே உட்கார்ந்திருந்த என் கணவரைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார், ஆனால் சிரிப்பு தெரிந்தது.

மதிப்பெண்ணில் கீழே போய், அந்தச் சுற்றோடு வெளியே வந்துவிட்டேன். மேலே போனவர்களில் இரண்டு பேர் மேடையில் தங்கள் அம்மாக்களோடு அழுதார்கள். அவர்கள் துக்கம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை.

நிகழ்ச்சி ஒளிபரப்பான சாயங்காலம் கடையில் டிவியைப் போட்டு, அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களையெல்லாம் என் கணவர் கூப்பிட்டு வைத்திருந்தார். அக்கா புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். நான் வந்தது கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. வழி சொல்வது இல்லை, கரும்பு வண்டி இல்லை, பசி இல்லை. நடுவரிடம் நான் பேசியது இல்லை, மூத்தவர் சொன்னதும் இல்லை. எல்லாவற்றையும் வெட்டிவிட்டு ஒரே ஒரு வரியை மட்டும் விட்டிருந்தார்கள். அந்தப் பெண் பாடினாள்: அழுத ஊருன்னு கேக்காதீங்க, அடுப்பு எரியிற ஊருன்னு கேளுங்க. உடனே விளம்பர இடைவேளை. என் முகத்துக்குக் கீழே எழுத்து ஓடியது. பாடலாசிரியர் என்று போடவில்லை. ஆட்டோ விளம்பர அக்கா என்று போட்டிருந்தார்கள். பெயரும் இல்லை.

டிவியைப் பார்த்து நான் திட்டிய திட்டை எழுத முடியாது. பக்கத்து ஸ்வீட் கடைக்காரர் மெல்ல எழுந்து போய்விட்டார். என் கணவர்தான் ஒன்று சொன்னார்: "வெளிய போன மத்தவங்க பாட்டையும் வெட்டிட்டாங்க, கவனிச்சியா? அதுல ஒண்ணாவது புரிஞ்சிதா? உன்னுது ஒரு வரிதான் வந்துது. முழுசா வந்துது."

அவர் சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். சமாதானமாகவில்லை. அந்த மூத்தவர் பாட்டு என்று சொன்னது என் காதில் மட்டும்தான் இருக்கிறது, எழுத்தில் எங்கேயும் இல்லை என்ற ஆத்திரம் போகவே இல்லை. அடுத்த போட்டி எப்போது வரும் என்று அப்போதே விசாரிக்க ஆரம்பித்தேன்.

கொஞ்ச நாள் கழித்து உளுந்தூர்பேட்டையில் ஒரு ஓட்டல் திறப்பு விழாவுக்குப் பேசி முடிக்க நானும் அக்காவும் போயிருந்தோம். திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். மூட்டையோடு ஏறிய ஒரு அம்மாவுக்கு நகர்ந்து இடம் கொடுத்தோம். தியாகதுருகத்தில் இறங்க வேண்டுமாம், அங்கே மகள் வீடு. மூட்டையைக் காலடியில் தள்ளிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"நீங்க எந்த ஊரும்மா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா ஏற்கெனவே ஜன்னல் பக்கம் திரும்ப ஆரம்பித்திருந்தாள்.

"கள்ளக்குறிச்சி" என்றேன்.

அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபடியே இருந்தேன். எப்போது மாறும் என்று எனக்குத் தெரியும். அது மாறவில்லை.

"ஓ, அடுப்பு எரியிற ஊரா?" என்று சிரித்தாள். "டிவில ஒரு பாட்டு வந்துச்சே. எங்க வூட்ல புள்ளைங்க அதையே பாடிக்கினு கெடக்குதுங்க. யாரு எழுதனதோ, நல்லா எழுதியிருக்காங்க."

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வியை, ஓடுகிற பஸ்ஸில், யாரென்றே தெரியாமல் ஒருத்தி கேட்டுவிட்டாள். நிமிர்ந்து உட்கார்ந்தேன். பதிவு அறையில் பேசுகிற குரல்தான் வந்தது, அதைத் தவிர எனக்கு வேறு குரல் கிடையாது.

"நாந்தாங்க எழுதினேன்" என்று சொல்லி, என் பெயரை முழுசாகச் சொன்னேன். கை வழக்கம் விடவில்லை என்றேனே, வாயும் விடவில்லை. "மைக்செட் கடை, பஸ் ஸ்டாண்டு எதிரில்" என்றும் சொன்னேன். முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பினார்கள். கண்டக்டர் திரும்பினார்.

அந்த அம்மா நம்பாமல் அக்காவைப் பார்த்தாள். "மெய்யாலுமா?"

அக்கா ஜன்னலிலிருந்து திரும்பி உட்கார்ந்தாள். முந்தானையைச் சரி செய்துகொண்டாள்.

"பாட்டு இவளுதுதாம்மா" என்றாள். "அடுப்பு என்னுது."